மேட்டு நிலமும் தாழ்நிலமும்: ஆபிரிக்க நகரங்களின் வெள்ள வரலாறு

1

வெள்ளத்தை இயற்கையின் சீற்றம் என்று எழுதி முடித்துவிடுவது செய்தித்தாள்களின் வழக்கம். மழை பெய்தது, ஆறு பெருகியது, இத்தனை பேர் மாண்டனர், இத்தனை வீடுகள் அழிந்தன, நிவாரணம் அனுப்பப்பட்டது என்ற அளவில் செய்தி முடிவடைந்துவிடும். ஆபிரிக்க நகரங்களைப் பொறுத்தவரை இவ்வழக்கம் இன்னும் ஒருபடி மேலே செல்வதைக் காண்கிறோம். அக்கண்டத்தைப் பஞ்சத்தோடும் நோயோடும் சேர்த்தே எண்ணிப் பழகியவர்களுக்கு, வெள்ளமும் அம்மக்களோடு கூடப் பிறந்த ஒன்றாகவே தோன்றுகின்றது. ஆனால், ஒரே நகரத்தில் ஒரே இரவில் பெய்யும் மழை ஒரு தெருவை நனைத்துவிட்டுப் போக, மற்றொரு தெருவை மூழ்கடிப்பது ஏன்? மூழ்கும் தெருவில் எப்பொழுதும் ஒரே வகையான மக்களே வாழ நேர்வது ஏன்? இவ்வினாக்களுக்கு வானிலை நிலையங்கள் விடை கூறமாட்டா. வரலாற்றையே நாம் வினவுதல் வேண்டும்.

இவ்வினாக்கள் இன்று அவசரமானவை. கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஆபிரிக்க நகரங்களின் வெள்ள இடரை மதிப்பிடுவதற்கும் குறைப்பதற்கும் உலக வங்கி முதலிய நிறுவனங்களும், பல்கலைக்கழகங்களும், மாநகரசபைகளும் பெருமுயற்சி மேற்கொண்டு வருகின்றன. வானிலிருந்து நிலம் படம் பிடிக்கப்படுகின்றது. ஆறுகளின் போக்குக் கணிக்கப்படுகின்றது. கோடிக்கணக்கான டொலர் கடனாக வழங்கப்படுகின்றது. இம்முயற்சி வேண்டுவதே, அதனை எள்ளி ஒதுக்குதல் பொறுப்புள்ளோர் செயலாகாது. ஆயினும், நிலம் யாருக்கு எவ்வாறு பங்கிடப்பட்டது என்ற வரலாற்றை விட்டுவிட்டு நீரின் உயரத்தை மாத்திரம் அளக்கும் மதிப்பீடு, ஏழையைக் காப்பதற்குப் பதிலாக அவனை வெளியேற்றுவதற்குக் கருவியாகிவிடக்கூடும் என்பதே நாம் இங்கு கூற விரும்புவது. மூன்று நகரங்களின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அதற்கு முன்னர், மதிப்பீடு என்பது யாது என்று சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நன்று. வெள்ள இடரைக் கணிப்போர் மூன்றினைக் கருத்திற் கொள்வர். எவ்வளவு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெய்யக்கூடும், நீர் எவ்வளவு உயரத்துக்கு எழும் என்பது ஒன்று. அந்நீர் எழும் இடத்தில் யார் யார் வாழ்கின்றனர், என்னென்ன உள்ளன என்பது இரண்டாவது. அவ்வாறு வாழ்வோர் வெள்ளத்தைத் தாங்கவும், அது வடிந்தபின் மீண்டெழவும் எத்துணை வலிமை உடையவர் என்பது மூன்றாவது. முதலாவதனை மழைமானியும் ஆற்றளவையும் கூறும். இரண்டாவதனை வரைபடம் காட்டும். மூன்றாவதனை எந்தக் கருவியும் கூறாது. கூலி, காணி உரிமை, வாக்குரிமை என்பனவே அதனை நிருணயிக்கின்றன.

முதலாவது கூறில்கூட மயக்கத்துக்கு இடமுண்டு. ‘நூறாண்டு வெள்ளம்’ என்னும் தொடரைக் கேட்போர், அது நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும் என்று எண்ணி அமைதியடைவர். எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புடைய வெள்ளம் என்பதே அதன் பொருள். ஆற்றங்கரையில் முப்பது ஆண்டுகள் வாழும் ஒருவன் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையேனும் சந்திப்பதற்கு நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வாய்ப்பு இருக்கின்றது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் காலத்துள் நாலில் ஒரு பங்கு அபாயம் என்றால், வசதியுள்ள எவனும் அங்கு வீடு கட்டமாட்டான். அப்படியாயின் அங்கு வாழ்பவர் யார்? அவர்கள் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர்?

2

மேட்டுக்கும் தாழ்வுக்கும் இடையே இனத்தின் பெயரால் வேலி இடப்பட்ட நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்குவோம். மேற்கு ஆபிரிக்காவிலே, சியரா லியோனின் தலைநகராகிய பிறீற்றவுண், அடிமைத் தளையினின்றும் விடுபட்டோரின் குடியேற்றமாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய நகரம். கடலோரச் சிறு சமவெளியும் அதன் பின்னே செங்குத்தாக எழும் மலைகளுமே அதன் நில அமைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில உத்தியோகத்தரும் ஆபிரிக்க வணிகரும் கீழ்நகரத்தின் தெருக்களிலே அயலவராக வாழ்ந்தனர்.

1897இல் இந்தியாவில் மலேரியாவைப் பரப்புவது நுளம்பே என்பதை நிறுவிய றொனால்ட் றொஸ், 1899இல் தமது குழுவினருடன் பிறீற்றவுணுக்கு வந்தார். தெருவோரக் குட்டைகளிலும் தூர்ந்த கான்களிலும் நுளம்பு பெருகுவதைக் கண்டார். இக்கண்டுபிடிப்பிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். கான்களை வெட்டி நீரை வடியவிட்டு நகரத்தார் அனைவரையும் காத்தல் ஒன்று. ஆளுவோர் மாத்திரம் நுளம்புக்கும் ‘நோய் தாங்கிய’ ஆபிரிக்கருக்கும் எட்டாத மேட்டுக்குச் சென்றுவிடுதல் மற்றொன்று. குடியேற்ற நாட்டு ஆட்சி பிறீற்றவுணில் இரண்டாவதனையே தேர்ந்தெடுத்தது. நகருக்கு மேலே மலைச்சரிவில் ஐரோப்பியருக்கென்றே ‘ஹில் ஸ்ரேசன்’ என்னும் குடியிருப்பு எழுந்தது. வேலையாட்களைத் தவிர ஆபிரிக்கர் எவரும் அங்கு வசிக்க இடமில்லை. உத்தியோகத்தர் காலையில் கீழிறங்கி அலுவலகம் செல்வதற்கும் மாலையில் மேலேறி வீடு திரும்புவதற்குமாக 1904இல் மலைப் புகையிரதப் பாதை ஒன்றும் திறக்கப்பட்டது.

வேறு வழி இருக்கவில்லை என்று யாரும் கூறல் முடியாது. அதே ஆண்டுகளில் லாகோஸின் தேசாதிபதியாக இருந்த வில்லியம் மக்கிறகர் தாமே ஒரு மருத்துவர். இனப் பிரிவினைக் குடியிருப்பை அவர் ஏற்க மறுத்து, சதுப்பு நிலங்களை வடியவைப்பதிலும் அனைவருக்கும் கொயினா வழங்குவதிலும் முயன்றார். அவரும் பேரரசின் ஊழியரே. ஆயினும் அவருடைய எடுத்துக்காட்டு, தேர்வு என்பது ஒன்று இருந்தது என்பதற்குச் சான்றாகும். ஆனால் அக்கொள்கை அவருடன் முடிவடைந்தது. பிற்காலத்தில் லாகோஸிலும் ஐரோப்பியருக்கென இக்கோயி ஒதுக்கப்பட்டது.

ஹில் ஸ்ரேசனின் உண்மையான பாதிப்பை நாம் மேலேயன்றிக் கீழேயே தேடுதல் வேண்டும். ஆளுவோர் தெருவை விட்டு அகன்றதும், தெருவின் கானைத் துப்புரவு செய்யவேண்டிய தேவையும் அவர்களை விட்டு அகன்றது. தன் வீட்டு முற்றத்தில் நீர் தேங்கும் உத்தியோகத்தன் கான் வெட்டுவதற்குப் பணம் ஒதுக்குவான். தேங்காதவன் அறிக்கை எழுதுவான். நகரத்தின் ஒரு பகுதிக்கு வீதியும் வடிகாலும், மறு பகுதிக்குப் போலீசும் வரியும் என்ற பிரிவினை இவ்வாறுதான் வேரூன்றிற்று.

சுதந்திரத்தின் பின்னரும் இவ்வமைப்பு அப்படியே தொடர்ந்தது. போரினாலும் வறுமையினாலும் கிராமங்களிலிருந்து வந்தோர், கடலோரத்தில் குறூ பே போன்ற தாழ்நிலங்களிலும், காடழிந்த மலைச்சரிவுகளிலும் குடியேறினர். 2017 ஓகஸ்ட் 14ஆம் திகதி விடியற்காலையில், தொடர்மழையினால் ஊறிய சுகர்லோப் மலையின் ஒரு பக்கம் சரிந்து, பள்ளத்தாக்கின் வழியே சேறும் பாறையுமாக இறங்கியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 1,141 பேர் எனக் கணக்கிடப்பட்டது. மேடு என்பதால் மாத்திரம் ஓரிடம் பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. எங்கே வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எவருக்கு உண்டோ அவருக்கே பாதுகாப்பும் உண்டு. அவ்வுரிமை இல்லாதவனுக்கு மலையும் ஆறும் ஒன்றே.

3

இரண்டாவது நகரம் தென்னாபிரிக்காவின் டேர்பன். இந்நகரத்தின் வெள்ள வரலாற்றிலே தமிழருக்கும் ஒரு பங்குண்டு. 1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து ‘துறூரோ’ என்னும் கப்பல் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோர் அதில் இருந்தனர். 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இவ்வாறு வந்தனர். அவருட் பெருந்தொகையினர் தமிழரும் தெலுங்கருமாவர். ஒப்பந்தம் முடிந்தபின் நாடு திரும்பாதோர் நகரின் புறத்தே காய்கறித் தோட்டம் செய்தனர், மீன் பிடித்தனர். அவர்களுக்குக் கிடைத்த நிலம் எது? பெரேயா மேட்டில் வெள்ளையர் மாளிகைகள் எழுந்தன. உம்கேனி ஆற்றின் ஓரத்திலே, ஸ்பிரிங்பீல்ட் சமவெளியிலே, வண்டல் படிந்த தாழ்நிலம் இவர்களுக்கு எஞ்சியது. வண்டல் நிலம் பயிருக்கு நல்லது. அந்த வண்டலைக் கொண்டுவந்து சேர்த்ததும் வெள்ளமே என்பதை ஆற்றங்கரை மக்கள் எவரும் அறிவர். தகரத்தாலும் பலகையாலும் அமைந்த அவ்வூருக்குத் தகர நகரம் என்ற பொருளிலேயே ஆங்கிலப் பெயர் வழங்கிற்று.

1917 ஒக்டோபர் இறுதியில் உம்கேனி கரைபுரண்டது. இரவோடிரவாகத் தகர நகரத்தை வெள்ளம் சூழ்ந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவ்வேளையில், மாரிமுத்து படவட்டன் முதலான ஆறு மீனவர் தம் வலைத்தோணியை வெள்ளத்துட் செலுத்தி, கூரைகளிலும் மரங்களிலும் தொற்றிக்கொண்டிருந்த 176 பேரை மீட்டனர். ‘படவட்டன் அறுவர்’ என்று டேர்பன் வரலாறு அவர்களை இன்றும் நினைவுகூர்கின்றது. மாநகரசபையிடம் வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இவர்களுக்கென இருக்கவில்லை. ஆற்றை அறிந்தவர்களும், அயலவனைத் தம்மவனாக எண்ணியவர்களுமே அன்று உயிர் காத்தனர்.

வீரத்தைப் போற்றுவது எளிது. அவ்வெள்ளத்தின் பின்னர் சட்டம் எத்திசையில் சென்றது என்று பார்ப்பதே வரலாற்று மாணவனின் கடன். 1922இல் நிறைவேறிய நில விற்பனைக் கட்டளைச் சட்டம், மாநகரசபைக் காணிகளை வெள்ளையருக்கு மாத்திரம் விற்க டேர்பனுக்கு அதிகாரம் அளித்தது. 1923ஆம் ஆண்டின் நகர்ப்புறச் சட்டம் ஆபிரிக்கரை நகரத்தில் தங்கி உழைக்கும் விருந்தாளிகளாக மாத்திரமே கருதிற்று. 1946இல் இந்தியர் காணி வாங்கும் உரிமை மேலும் ஒடுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் இனவாரிப் பிரதேசச் சட்டம் நகரம் முழுவதையும் நிறத்தின்படி கூறுபோட்டது. மேட்டு நிலத்தைக் காசு கொடுத்தும் வாங்கமுடியாதபடி சட்டமே தடுத்தபின், மக்கள் தாழ்நிலத்தில் வாழ்ந்ததை அவர்களுடைய அறியாமை என்பது நியாயமாகுமா? 1917இல் மூழ்கிய அதே தகர நகரம் 1976இலும் மூழ்கியது. அப்பொழுதுதான் அம்மக்கள் நகரின் வடக்கே இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட பீனிக்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கூரை கிடைத்தது என்பது உண்மை. அத்தோடு, இனவாரிப் பிரிவினை வேண்டியிருந்த இடமாற்றத்தை வெள்ளம் எளிதாக்கிக் கொடுத்தது என்பதும் உண்மை.

நம்மவர் கதை என்ற பற்றினால் மற்றொன்றை நாம் மறந்துவிடலாகாது. இந்தியன் ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலத்தையேனும் சொந்தமாக்கிக்கொள்ளக்கூடிய காலத்திலும், ஆபிரிக்கத் தொழிலாளிக்கு அதுவும் மறுக்கப்பட்டிருந்தது. நிறவெறி ஆட்சி 1994இல் முடிவுற்றபின் வேலை தேடி டேர்பனுக்கு வந்த ஆபிரிக்க ஏழைகள், வேலைத்தலங்களுக்கு அண்மையில் எஞ்சியிருந்த ஒரே நிலத்தில், ஆற்றுப் படுகைகளில் குடிசை கட்டினர். ஒருகாலத்தில் ஒப்பந்தக் கூலியின் பேரன் இருந்த இடத்திற்கு அவர்கள் வந்துசேர்ந்தனர். சட்டம் மறைந்தது, சட்டம் வரைந்த நிலப்படம் மறையவில்லை.

2022 ஏப்ரில் 11, 12ஆம் திகதிகளில் டேர்பன் பகுதியில் சில இடங்களில் 24 மணித்தியாலத்துள் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய மழை முன்னர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கதாயிருந்து, உலகம் வெப்பமடைந்ததன் விளைவாக இருபது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கதாகிவிட்டது என வானிலை விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். உலகின் கரிவாயு வெளியேற்றத்தில் ஆபிரிக்கக் கண்டம் முழுவதின் பங்கும் நூற்றுக்கு ஏறத்தாழ நாலு வீதமே என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். புகை ஓரிடத்தில், வெள்ளம் வேறிடத்தில்.

ஆயினும், அதே வெள்ளத்தில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. உம்கேனியின் கிளையாறாகிய பல்மியெற் ஓரத்தில் குவாரி வீதி மேற்கு என்னும் குடிசைக் குடியிருப்பு இருக்கின்றது. சில ஆண்டுகளாகவே மாநகரசபைப் பொறியியலாளரும், பல்கலைக்கழக ஆய்வாளரும், குடியிருப்பாளரின் தலைவர்களும் சேர்ந்து அங்கு எச்சரிக்கை ஒழுங்கொன்றை உருவாக்கியிருந்தனர். மழைக் கணிப்பும் ஆற்று மட்டமும் மாநகரசபையிலிருந்து கைத்தொலைபேசி மூலம் குடியிருப்புக்கு வரும். ஆற்றின் நிறமும் இரைச்சலும் எவ்வாறுள்ளன என்ற செய்தி குடியிருப்பிலிருந்து மாநகரசபைக்குப் போகும். 2022இல் குடிசைகள் பெருந்தொகையாக அடித்துச் செல்லப்பட்டன. ஆனால் எச்சரிக்கை கேட்டு மக்கள் முன்னரே மேட்டுக்கு ஏறியமையால் உயிர்கள் தப்பின. 1917இன் தோணிக்கும் இச்செய்திக்கும் உள்ள உறவைக் காண்பது கடினமன்று. அன்று ஆற்றை அறிந்தோர் தனியே நின்றனர். இன்று விஞ்ஞானம் அவர்களோடு சேர்ந்து நின்றது. எனினும், வெள்ளம் வடிந்தபின் அவர்கள் திரும்பிச் சென்றது அதே கரைக்குத்தான். எச்சரிக்கை உயிரைக் காக்கும், காணியைத் தராது.

4

மூன்றாவதாக, கிழக்கு ஆபிரிக்காவின் தார் எஸ் சலாமுக்கு வருவோம். மதிப்பீடு என்னும் பணி மக்களின் கைக்கு வந்ததும், அதே மதிப்பீட்டை அரசு எவ்வாறு பயன்படுத்தும் என்ற கேள்வி எழுந்ததும் இந்நகரிலேதான். சான்சிபார் சுல்தான் மஜீத் 1860களில் நிறுவிய இந்நகர், 1891 முதல் ஜேர்மன் கிழக்கு ஆபிரிக்காவின் தலைநகராயிற்று. முதலாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியர் கைப்பற்றினர். யுத்தத்துக்குச் சுமை தூக்கிய ஆபிரிக்கர் படையின் ஆங்கிலப் பெயரே திரிந்து, கரியாக்கோ என்று இன்றும் அங்குள்ள ஆபிரிக்கப் பகுதிக்கு வழங்குகின்றது.

பிரித்தானியர் நகரை மூன்று வலயங்களாக வகுத்தனர். இனத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதாமல், கட்டடத்தின் தரத்தின் பெயரால் அப்பிரிவினை செய்யப்பட்டது. முதல் வலயத்தில் ஐரோப்பியப் பாணி வீடுகள் மாத்திரம். இரண்டாவதில் கடைகளும் இந்தியர் வாசமும். மூன்றாவதில் மண்ணாலும் கழியாலும் கட்டிய ஆபிரிக்க வீடுகள். இந்தியர் பகுதிக்கும் கரியாக்கோவுக்கும் இடையில் ம்னாசி ம்மோஜா என்னும் வெறுவெளி விடப்பட்டது. கடற்காற்று வீசும் ஓயிஸ்ரர் பே ஐரோப்பியருக்கு. கரியாக்கோவுக்கு அப்பால் கிடந்த ம்சிம்பாசி ஆற்றின் தாழ்நிலம் யாருக்கும் வேண்டாத இடமாயிற்று. யாருக்கும் வேண்டாத இடமே பிற்காலத்தில் ஏழைக்குரிய இடமாவது நகர வரலாற்றில் நாம் எங்கும் காணும் ஒன்று.

1961இல் தங்கனிக்கா சுதந்திரம் பெற்றது. 1967இல் ஜூலியஸ் நைரேரேயின் அறுஷா பிரகடனம் சமதர்மப் பாதையை அறிவித்தது. அவ்வரசு 1972இல் குடிசைகளை இடிக்கும் கொள்கையைக் கைவிட்டு, உள்ள குடியிருப்புகளைத் திருத்தியமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது போற்றத்தக்கது. ஆனால், முற்போக்காளராகிய நாம் ஒரு குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கிராமத்தை நோக்கியே சிந்தித்த அவ்வாட்சி, 1970களில் சில ஆண்டுகள் நகரசபைகளையே ஒழித்து வைத்திருந்தது. கானைத் துப்புரவு செய்வோரும் குப்பை அள்ளுவோரும் இல்லாத நகரத்தில் நீர் வழி அடைபட்டது. அதன் பின்னர் 1980களில் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகள் வந்தன. பொதுச் செலவு வெட்டப்பட்டது. 1967இல் 272,000ஆக இருந்த நகரின் சனத்தொகை, 2022 கணக்கெடுப்பின்படி 53 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தோருட் பெரும்பாலோர் திட்டமிடப்படாத குடியிருப்புகளிலேயே இடம்பெற்றனர்.

ம்சிம்பாசி ஆறு புகு குன்றுகளில் தோன்றி, நகரத்தை ஊடறுத்து இந்து சமுத்திரத்தில் விழுகின்றது. குன்றுகளில் மரம் வெட்டப்பட்டு, கரைகளில் மணல் அள்ளப்பட்டு, மேல்நிலம் முழுவதும் சீமெந்தும் தகரக் கூரையுமாக மாறியமையால், முன்னர் மண்ணில் ஊறிய மழை இப்பொழுது ஓடி வருகின்றது. கீழே அதன் சமவெளிக்கு ஜங்குவானி என்று பெயர். ‘பாலைவெளியில்’ என்பது சுவாகிலி மொழியில் அதன் பொருள். 2011 டிசெம்பர் 20ஆம் திகதி தொடங்கிய மழை, அரைநூற்றாண்டுக்கு மேலாக அந்நகர் காணாத அளவினது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். அரசு பலரை நகரின் வெளியே தொலைவிலுள்ள மப்வேபாண்டேக்குக் கொண்டுபோய்க் குடியேற்றிற்று. சந்தையில் மீன் விற்பவளுக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனுக்கும் அவ்வளவு தூரத்திலிருந்து தினம் பேருந்துக் கட்டணம் கொடுத்து வருதல் இயலுமா? சிலர் மீண்டும் ஜங்குவானிக்கே வந்து சேர்ந்தனர். வெள்ளம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். பசியோ தினமும் வரும். இக்கணக்கை அறிந்தே அவர்கள் வந்தனர்.

2015இல் அந்நகரில் ஒரு புதிய பணி தொடங்கியது. ‘ரமானி ஹூரியா’ என்று அதற்குப் பெயர். ‘திறந்த வரைபடம்’ என்பது பொருள். அர்தி பல்கலைக்கழக மாணவரும் தார் எஸ் சலாம் பல்கலைக்கழக மாணவரும், அந்தந்த வட்டாரத்து மக்களும் சேர்ந்து, வழிகாட்டுவோருடன் தெருத் தெருவாக நடந்தனர். செஞ்சிலுவைச் சங்கமும் உலக வங்கியும் ஆதரவளித்தன. அதுவரை அரசாங்கப் படத்தில் வெறும் வெளியாகக் கிடந்த குடியிருப்புகளின் ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு ஒழுங்கையும், ஒவ்வொரு கானும் குறிக்கப்பட்டன. கானின் அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எங்கே அடைபட்டிருக்கின்றது என்பன அளக்கப்பட்டன. முன்னைய வெள்ளங்கள் எதுவரை வந்தன என்று முதியோரிடம் கேட்டு எழுதப்பட்டது. அவ்வாறு அமைந்த வரைபடம் எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாகப் பொதுவில் வைக்கப்பட்டது.

இப்பணியின் சிறப்பை ஆசிரியரும் மாணவரும் நன்கு சிந்தித்தல் தகும். ஆற்றளவைப் பதிவு அறுந்து கிடக்கும் நகரத்தில், சுவரிலே வெள்ளம் விட்டுச்சென்ற கறையும், அதனைக் கண்டவரின் நினைவும் விஞ்ஞானத்துக்குரிய தரவாகின்றன. பூமிசாத்திரம் என்பது மனனஞ் செய்யும் பாடம் என்ற நிலை மாறி, தன் ஊரின் துன்பத்தை அளந்தறியும் கலையாகின்றது. அளவை நாடா பிடித்த மாணவன், இரண்டடி அகலக் கான் ஐம்பது வீட்டின் நீரைக் கொள்ளாது என்பதைத் தானே காண்கின்றான். கண்டதை நகரசபைக்கு எண்ணால் எடுத்துக்கூறுகின்றான். ‘எங்கள் பகுதி மூழ்குகின்றது’ என்ற முறைப்பாட்டை உத்தியோகத்தர் தள்ளிவிடலாம். இந்த இடத்தில், இந்த அளவுக் கான், இத்தனை வீடு என்ற கணக்கைத் தள்ளுதல் அத்துணை எளிதன்று.

ஆயினும், அதே ஆண்டின் இறுதியிலே அதே ஆற்றங்கரையிலே வேறொன்றும் நிகழ்ந்தது. அபாய நிலம் என்று கூறி, வீடுகளின் சுவர்களிலே சிவப்புநிறக் குறுக்குக் கோடுகள் இடப்பட்டன; பின்னால் இயந்திரங்கள் வந்து அவ்வீடுகளை இடித்தன. நீதிமன்றத்தை நாடியோர் சிலர் தற்காலிகத் தடை பெற்றனர். அதே ஜங்குவானிச் சமவெளியில் நகரின் புதிய விரைவுப் பேருந்துச் சேவைக்கான பணிமனை அரசினாலேயே கட்டப்பட்டு, வெள்ளந்தோறும் அதுவும் மூழ்கியது. ஏழை கட்டினால் சட்டவிரோதம், அரசு கட்டினால் அபிவிருத்தி என்ற இந்த வேறுபாட்டை எந்த வெள்ளக் கணிப்பும் நியாயப்படுத்தல் இயலாது.

ம்சிம்பாசிப் பள்ளத்தாக்கைச் சீரமைப்பதற்கு உலக வங்கி 2022இல் 20 கோடி டொலர் கடனை அனுமதித்தது. மேல்நிலத்தில் மரம் நடுதல், ஆற்றுக்கு இடம் விட்டு அகலப்படுத்தல், ஜங்குவானிப் பாலத்தை உயர்த்தல், தாழ்நிலத்தை நகரப் பூங்காவாக்கல், அங்கு வாழ்வோருக்கு இழப்பீடு கொடுத்து அகற்றல் என்பன திட்டத்தின் கூறுகள். பொறியியல் நோக்கில் இது முன்னைய முறைகளினும் மேலானது. ஆற்றைச் சீமெந்துக் குழாய்க்குள் அடைக்க முயலாமல், பெருகுவதற்கு இடமளிக்கின்றது. அங்கிருந்து அகல்வோர் இன்னொரு மப்வேபாண்டேக்குச் செல்வார்களா, தொழிலுக்கு எட்டிய தூரத்தில் வாழ்வார்களா என்பதிலேயே இத்திட்டத்தின் வெற்றி தங்கியிருக்கின்றது. பூங்காவின் ஓரத்தில் உயர்த்தப்படும் நிலத்தின் விலை நிச்சயம் ஏறும். அந்த மேட்டில் யார் வீடு எழும்?

5

மூன்று நகரங்களின் கதையும் ஒன்றுபோல் அமைந்திருப்பது தற்செயலன்று. பிறீற்றவுணில் சுகாதாரத்தின் பெயராலும், டேர்பனில் நிறத்தின் பெயராலும், தார் எஸ் சலாமில் கட்டடத் தரத்தின் பெயராலும், நல்ல நிலம் சிலருக்கென வேலியிடப்பட்டது. சொற்கள் மாறின, நிலம் கைமாறவில்லை. ஆட்சி மாறியபின் இனவேலி விழுந்த இடங்களிலும், விலை என்னும் வேலி அதே எல்லையில் நின்றது. கரையிலிருந்து அகன்று போ என்று இன்று ஏழைக்குக் கூறுவோர், முன்னர் அவனுடைய பாட்டனைக் கரைக்கு அனுப்பியது யார் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்கள்.

இதனால், எவரும் ஆற்றங்கரையை விட்டு அகலவே கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. குழந்தைகள் நீரில் போகும் இடத்தில் குடியிருப்பதை உரிமை என்று போற்றுவது பொய்யான பரிவு. சில இடங்களை விட்டு மக்கள் நீங்கத்தான் வேண்டும். ஆனால், எவ்விடம், எப்பொழுது, எங்கே என்ற மூன்றையும் அம்மக்களோடு இருந்து தீர்மானித்தல் வேண்டும். வீட்டுடைமையாளனைப் போலவே வாடகைக்குக் குடியிருப்பவனும் கணக்கில் வரவேண்டும். புதிய இடம் தொழிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் எட்டியதாக இருத்தல் வேண்டும். நீங்கவேண்டாத இடங்களிலே கான் வெட்டுதலும், குப்பை அள்ளுதலும், எச்சரிக்கை ஒழுங்கும் இன்றே தொடங்குதல் வேண்டும். பெருந்திட்டம் வரும்வரை சிறுகான் காத்திருக்க வேண்டியதில்லை. கடனாக வரும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பவர் அந்நாட்டு மக்களே ஆதலின், அது எங்கே செலவாகின்றது என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

அறிவு இப்பணியில் யார் பக்கம் நிற்கின்றது என்பது சிறிய கேள்வியன்று. 1899இல் பிறீற்றவுணின் குட்டைகளை ஆராய்ந்தது சிறந்த விஞ்ஞானமே. அதனை வைத்து மலையில் மாளிகை கட்டிக்கொண்டது ஆட்சி. 2015இல் தார் எஸ் சலாமின் கான்களை அளந்ததும் விஞ்ஞானமே. அவ்வாண்டில் அளவை நாடாவோடு சென்றவர்களும், சிவப்புச் சாயத்தோடு சென்றவர்களும் நடந்தது ஒரே ஆற்றங்கரையில். அம்மாணவர்கள் குறித்த ஒவ்வொரு வீடும் இன்று வரைபடத்தில் இருக்கின்றது. ‘இங்கு எவரும் வாழவில்லை’ என்று இனி எந்த அரசும் கூறமுடியாது. அவ்வீட்டார் நாளை எங்கே வாழ்வர் என்ற கேள்விக்கு விடை அவ்வரைபடத்தில் இல்லை. அதனை அந்நகரத்து மக்கள் தம் ஒற்றுமையினாலேயே எழுதவேண்டியிருக்கின்றது.